இலவசமாகக் கொடுத்துவிட்டு ஏச்சும் வாங்க வேண்டுமா?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. தினமும் குழித்துறையில் ரயிலேறி கழக்கூட்டம் போய் வருகிறேன். தக்கலையில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் என் சித்திக்காக, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்ன நிரலை 5 வருடத்துக்கு முன்னால் எழுதினேன். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் எம்.ஐ.டி. உரிமத்தில், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டேன். இப்போது பல கடைகளிலும் சில பதிப்பகங்களிலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் ஒரு பைசா வருமானம் கிடையாது. 3 மாதத்துக்கு முன்னால் ஒருவர் 2,800 வரிகளை மாற்றி, இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு புல் ரெக்வெஸ்ட் அனுப்பினார். பார்க்க நேரமில்லாமல் அப்படியே கிடந்தது. அவர் தினமும் கமெண்ட் போட ஆரம்பித்தார். ‘பராமரிக்க வக்கில்லாதவன் எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறாய், என்னிடம் கொடு’ என்பது வரைக்கும் வந்துவிட்டது. போன வாரம் புதிதாக 2 கணக்குகள் வந்து அவருக்கு ஆதரவாக ஏசுகின்றன. நடுவில் ஒரு பதிப்பகத்திலிருந்து, ‘வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது, அதற்குள் சரிசெய்து தராவிட்டால் நஷ்டத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு’ என்று மெயில். ராத்திரி தூக்கம் வருவதில்லை. ‘என்ன மக்களே, மொகம் ஒருமாதிரி இருக்கு’ என்று அம்மா கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டா? பிளாக் செய்தால் திமிர் என்று சொல்ல மாட்டார்களா? பேசாமல் அவரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பிளாக் செய்வது திமிர் கிடையாது. பதில் சொல்லும் கடமையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய சுட்டியில் போய் அந்தப் புல் ரெக்வெஸ்டை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுவதும் படித்தேன். 2,800 வரியில் பெரும்பகுதி வெறும் இடைவெளி மாற்றம், ஃபங்ஷன்களுக்குப் பெயர் மாற்றம், அவருக்குப் பிடித்த விதத்தில் திரையைப் புதிதாக வடிவமைத்தது. அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் நடுவில் 14 வரிகள் இருக்கின்றன. அந்த 14 வரியில் அவர் சொல்வது சரி.

படிப்பவர்களுக்கும் புரிய வேண்டுமே, அதனால் அதைக் கொஞ்சம் சொல்கிறேன். இணையத்தில் ‘வெளியீடு’ என்ற சொல் ‘வௌியீடு’ என்றும், ‘வெள்ளம்’ ‘வௌ்ளம்’ என்றும் உடைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாமினி போன்ற எழுத்துருக்களில் ‘வௌ’ என்று அடித்தாலும் ‘வெள’ என்று அடித்தாலும் கோப்பில் பதிவாவது ஒரே மூன்று துண்டுகள்தான்: முதலில் கொம்பு, அப்புறம் வ, அப்புறம் ள. மாற்றும் நிரல் இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தவுடன் ‘வௌ’ என்று முடிவு செய்துவிட்டால், அடுத்து வரும் கொக்கியோ புள்ளியோ அந்தரத்தில் தொங்கும். தம்பியின் நிரல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. அந்த மனிதர் என்ன செய்திருக்கிறார் என்றால், ‘ள’வுக்குப் பிறகு உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ள என்ற எழுத்துதான், ஔகாரத்தின் பகுதி இல்லை என்று ஒரு சோதனை வைத்திருக்கிறார். எளிமையான, நல்ல திருத்தம்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருவர் ஏசும்போது, அவர் சொன்ன விஷயத்தையும் அவர் சொன்ன விதத்தையும் நாம் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிந்துவிடுகிறோம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ரூபாய்த் தொகையைத் தமிழ் எழுத்தில் எழுதித்தரும் ஒரு சிறு நிரல்தொகுப்பை நான் கொஞ்ச காலம் பராமரித்தேன். ஒரு மாணவர், ‘901 ரூபாயைத் தொள்ளாயிரம் ஒன்று என்று யார் எழுதுவார்கள், தமிழ் தெரியாதவர்கள் எதற்கு இதையெல்லாம் செய்கிறீர்கள்’ என்று எழுதியிருந்தார். இரவு 11 மணி. நாகர்கோவில் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். எனக்கு வந்த கோபத்தில், முதலில் ஆவணத்தைப் படித்துவிட்டு வாருங்கள் என்று சுள்ளென்று ஒரு வரி எழுதி, அவர் பதிந்த புகாரை (இஷ்யூ என்பார்கள்) மூடிவிட்டேன். அவர் சொன்னது சரி; ‘தொள்ளாயிரத்து ஒன்று’ என்றுதான் வர வேண்டும். அதை நான் திருத்தியது இரண்டு வருடம் கழித்து. அந்தப் பையன் அதற்குப் பிறகு வரவே இல்லை. அதற்கப்புறம் ஏச்சுக்கு ராத்திரியில் பதில் எழுதுவதை விட்டுவிட்டேன். எழுதித்தான் ஆக வேண்டும் போலிருந்தால் எழுதி வைத்துவிட்டு, காலையில் காப்பி குடித்த பிறகு எடுத்துப் பார்ப்பேன். பாதிக்கு மேல் அழித்துவிடுவேன்.

சரி, கடமைக்கு வருவோம். உங்கள் எம்.ஐ.டி. உரிமத்திலேயே, இந்த மென்பொருள் உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லாமல் தரப்படுகிறது என்றும், இதனால் வரும் இழப்புக்கு எழுதியவர் பொறுப்பில்லை என்றும் பெரிய எழுத்தில் இருக்கிறது. பதிப்பகத்தின் நஷ்டக் கணக்குக்கு அந்த ஒரு பத்தியே போதும். நம்ம ஊரில் கோடைக்காலத்தில் ஒரு வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருந்தால் அக்கம்பக்கத்தார் வந்து கோரிக்கொண்டு போவார்கள். கிணற்றுக்காரர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அதற்காக, ‘எங்கள் வீட்டுக்கு எட்டு குடம் கோரி வைத்துவிடு, சாயங்காலத்துக்குள் வேணும்’ என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் கொடுத்தது நிரலை. உங்கள் ரயில் நேரத்தையும் ராத்திரித் தூக்கத்தையும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. இதை முதலில் உங்கள் மனசுக்குள் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். அது உறுதியானால் பதில்கள் தானாகவே அமைதியாக வரும். குற்ற உணர்ச்சியோடு எழுதும் பதில்தான் ஒன்று கெஞ்சும், இல்லாவிட்டால் சீறும்.

ஆனால் ஒன்று இருக்கிறது. வேலையைச் செய்து தரும் கடமை இல்லை என்றாலும், முடிவைச் சொல்லும் கடமை கொஞ்சம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து 2,800 வரி எழுதி அனுப்பியிருக்கிறார். 3 மாதம் ஒரு வார்த்தை இல்லை. அவர் ஏசியதற்கு அது நியாயம் ஆகாது. ஆனால் ‘பார்த்தேன், இப்போது நேரமில்லை, இவ்வளவு பெரிதாக இருந்தால் ஏற்க முடியாது’ என்று முதல் வாரத்தில் எழுதியிருந்தால் இந்தப் பாதிச் சண்டை நடந்திருக்காது. முடியாது என்று சொல்லத் தயங்கி மௌனமாக இருப்பது நமக்கெல்லாம் உள்ள பழக்கம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் ‘பார்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகாமலிருப்போமே, அது மாதிரி. காத்துக்கொண்டிருப்பவருக்கு மறுப்பைவிட மௌனம்தான் அதிகம் வலிக்கும்.

ஆகவே அவருக்கு நாளைக் காலையில் இப்படி எழுதுங்கள்: ‘பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். உங்கள் மாற்றத்தில் வெள, வௌ குழப்பத்தைத் தீர்க்கும் பகுதி சரியானது, அதை ஏற்கிறேன். அதை மட்டும் தனியாக அனுப்பினால் உங்கள் பெயரிலேயே சேர்க்கிறேன். 2 வாரத்தில் அனுப்ப இயலாவிட்டால் நானே எடுத்து உங்கள் பெயரைக் குறிப்பிட்டுச் சேர்த்துவிடுகிறேன். மற்ற மாற்றங்களை ஏற்கவில்லை. இந்த நிரல் என் ஓய்வு நேர வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறுதான் இதற்கு ஒதுக்க முடியும். இங்கே யாரையும் தரக்குறைவாகப் பேசும் கமெண்டுகளை மறைத்துவிடுவேன். தொடர்ந்தால் கணக்கைத் தடுத்துவிடுவேன்.’ அவ்வளவுதான். ஏன் நேரமில்லை, ரயில் எத்தனை மணிக்கு, ஆபீசில் என்ன வேலை என்ற விளக்கமெல்லாம் வேண்டாம். விளக்கம் நீளநீள, வாதாடுவதற்கு அவருக்குப் பிடி கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று: அவர் பெயரைக் குறிப்பிட மறக்காதீர்கள். ஏசினார் என்பதற்காக அவருடைய 14 வரியை வேறு விதமாக எழுதி உங்கள் பெயரில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது சின்னத்தனம், உங்களுக்கே உறுத்தும்.

பதிப்பகத்துக்கு வேறு மாதிரி. மெயிலின் வேகத்தைப் பார்த்தால் அங்கே யாரோ ஒருவர் முதலாளிக்கும் அச்சகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார் என்று தெரிகிறது. பயத்தில் அதட்டுகிறவர் அவர். அவருக்கு உதவி செய்ய 5 நிமிடம் போதும். மாற்றிய கோப்பை வேர்டில் திறந்து, ‘வௌி’ என்பதை ‘வெளி’ என்றும், ‘வௌ்’ என்பதை ‘வெள்’ என்றும் மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். தமிழில் ஓர் எழுத்தின் மேல் இரண்டு உயிர்க்குறி வராது, அதனால் சரியான சொல் எதுவும் இதில் கெடாது. தெ, செ, கெ இவற்றுக்கும் அதே மாதிரி. இதைச் சொல்லிவிட்டு, கெடு வைத்து வேலை வேண்டுமென்றால் கட்டணம் இவ்வளவு, ஒப்புக்கொண்டால் எழுதுங்கள் என்று ஒரு தொகையைப் போடுங்கள். கூச்சப்படாதீர்கள். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற நிரல்தொகுப்பின் பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்து உலகமெல்லாம் பதறியது. அடுத்த மாதம், இணையம் வழியாகத் தரவை எடுக்கவும் அனுப்பவும் உதவும் கர்ல் என்ற நிரலை 1998 முதல் வெளியிட்டுவரும் ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்குக்கு ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. லாக்ஃபோர்ஜே பற்றி நீளமான கேள்விப் பட்டியல், 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும் என்று. கர்ல் எழுதப்பட்டது சி மொழியில். ஜாவாவுக்கான லாக்ஃபோர்ஜேவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த நிறுவனம் அவருக்கு ஒரு காசும் கொடுத்ததில்லை. ஆதரவு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் எல்லாக் கேள்விக்கும் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதினார். ஒரு கடுஞ்சொல் இல்லை, வளைந்தும் கொடுக்கவில்லை. அந்தப் பதிலை நான் பல தடவை நினைத்துக்கொண்டதுண்டு.

இப்போது, ஏன் கொடுக்கக் கூடாது என்பது. எனக்கு உங்கள் கடிதத்தில் பயம் தந்த இடம் இதுதான்.

எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு நிரல் இருக்கிறது. லினக்ஸ் ஓடும் கணினிகள் பெரும்பாலானவற்றில் இருக்கும். ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் என்பவர்தான் பல வருடமாக அநேகமாகத் தனியாளாகப் பார்த்துக்கொண்டார். 2022இல் சில கணக்குகள் அவரை நச்சரிக்க ஆரம்பித்தன. திருத்தங்கள் தேங்கிக் கிடக்கின்றன, உமக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு ஆளிடம் கொடும் என்று. அவர், இது சம்பளமில்லாத ஓய்வுநேர வேலை என்பதை நினைவில் வையுங்கள் என்று பொறுமையாக எழுதிப் பார்த்தார். நச்சரிப்பு நிற்கவில்லை. அதே காலத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சாந்தமாக, சிரத்தையாக, நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்குப் பராமரிப்பு உரிமை கிடைத்தது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு வெளியீடுகளில் ஒரு கள்ளக்கதவு நுழைந்திருந்தது. தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்.எஸ்.ஹெச். வழியாகக் கள்ளத்தனமாகப் புகுவதற்கான கதவு. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் எஸ்.எஸ்.ஹெச். உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று துருவிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது. மார்ச் 29ஆம் தேதி உலகத்துக்குச் சொன்னார். நச்சரித்த அந்தக் கணக்குகள் வேறு எங்கும் எதுவும் செய்ததாகத் தடயமில்லை. அழுத்தம் கொடுப்பதற்காகவே முளைத்தவை என்றுதான் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

உங்களுக்கு எழுதுகிறவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அநேகமாக அவர் நேர்மையான, பொறுமையில்லாத ஒரு மனிதர். அந்த 2 புதிய கணக்குகளும் அவருடைய நண்பர்களாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் நிரலில் எத்தனை பேருடைய கையெழுத்துப் பிரதிகளும் வீட்டுக் கடிதங்களும் போய் வருகின்றன என்று யோசியுங்கள். ஏச்சுக்குப் பயந்தோ அலுத்துப்போயோ சாவியைக் கொடுத்தால், வாங்குகிறவர் யாரென்று பார்க்காமல் கொடுத்ததாக ஆகும். அவருக்குத் தன் வழியில் நடத்த ஆசை என்றால் உங்கள் உரிமமே வழி விட்டிருக்கிறது. நிரலை நகலெடுத்து (ஃபோர்க் என்பார்கள்) வேறு பெயரில் நடத்தட்டும். அதைக் குத்தலாகச் சொல்ல வேண்டாம், உண்மையாகவே வாழ்த்திச் சொல்லுங்கள். 2014 கடைசியில், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ் திட்டத்திலிருந்து கருத்து வேறுபாட்டில் பிரிந்துபோன ஐஓ.ஜேஎஸ், அடுத்த வருடமே மறுபடியும் அதனோடு சேர்ந்தது. இரண்டு பக்கத்து வேலையும் ஒன்றாகி மேலே போயிற்று. பிரிந்து போகிறவர்கள் எல்லாரும் எதிரிகள் ஆகிவிடுவதில்லை.

பிளாக் செய்யும் விஷயம் சின்னதுதான். எச்சரித்த பிறகும் தொடர்ந்தால் செய்துவிடுங்கள். கமெண்டை மறைக்கலாம், உரையாடலைப் பூட்டலாம். புதிய கணக்குகள் எழுத முடியாதபடி 24 மணி நேரத்திலிருந்து 6 மாதம் வரை கட்டுப்பாடு வைக்கவும் கிட்ஹப்பில் வசதி இருக்கிறது. உங்களுக்கு இப்போது ஒரு மாதத்துக்கு அதைப் போடச் சொல்வேன். பூட்டும்போது கடைசியில் ஒரு சுடுசொல் சொல்லிவிட்டுப் பூட்ட வேண்டாம். நம் பக்கத்துக் கோபமும் ஆட்களை விரட்டும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிய கடுமையான மெயில்களுக்காக 2018 செப்டம்பரில் எல்லாரிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சில வாரம் ஒதுங்கியிருந்தார். அவ்வளவு பெரிய ஆளுக்கே அது தேவைப்பட்டது.

போனிலிருந்து கிட்ஹப் அறிவிப்புகளை எடுத்துவிடுங்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் நின்றுகொண்டு, பக்கத்து ஆள் தோளில் இடித்துக்கொண்டிருக்கும்போது படிக்கிற ஏச்சு, மேசையில் உட்கார்ந்து படிக்கிற ஏச்சைவிட மூன்று மடங்கு கனமாக இருக்கும். நிரலோடு இருக்கும் அறிமுகக் குறிப்பான ரீட்மீயில் மேலேயே, ‘மாதம் ஒரு ஞாயிறு பார்க்கப்படும், 200 வரிக்கு மேல் உள்ள மாற்றத்தை அனுப்பும் முன் பேசிவிட்டு அனுப்பவும்’ என்று எழுதிவிடுங்கள். முன்கூட்டியே எழுதி வைத்தது எல்லாருக்கும் பொது விதி. சண்டை வந்தபிறகு எழுதினால் அவருக்கு எதிராக எழுதியதாகத்தான் தோன்றும். உங்கள் நிரலின் வரலாற்றைப் பார்த்தபோது, ஒரு மாணவி இதுவரை ஏழெட்டுச் சிறு திருத்தங்கள் அனுப்பியிருப்பது கண்ணில் பட்டது. எல்லாம் சுத்தமான வேலை. அவரிடம் வரும் இஷ்யூக்களை வகைபிரித்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வெளியிடும் உரிமையெல்லாம் இப்போதே வேண்டாம், ஒரு வருடம் போகட்டும். இரண்டாவது ஆள் ஒருவர் இருந்தாலே, ஏச்சு வரும்போது ‘இதைப் பார்த்தீர்களா’ என்று கேட்க ஒரு துணை இருக்கும். தூக்கம் வருவதற்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், தம்பி. கிட்ஹப் புரியாவிட்டாலும், ஊருக்கு உபகாரம் செய்துவிட்டு ஏச்சு வாங்குவது என்னவென்று அவருக்கு நன்றாகவே புரியும்.

கடைசியாக நிரல் பற்றி ஒன்று. அவருடைய 14 வரியைச் சேர்த்தபிறகும் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கும். ‘ள’வுக்குப் பின் குறி எதுவும் இல்லையென்றால் ‘ஔ’ என்று அவர் முடிவு செய்கிறார். மௌனம், கௌரவம், சௌகரியம் எல்லாம் சரியாக வரும். ஆனால் நம்ம ஊர்ப் பேச்சில் எழுதிய கதைகளில் வெளக்கு, வெளஞ்ச, கெளம்பு, வெளங்குமா என்று வருமே, அவை வௌக்கு, கௌம்பு என்று ஆகிவிடும். அதற்குச் சொற்பட்டியல் வைத்துத்தான் ஆக வேண்டும். என் கையில் இருக்கும் பழைய கதைப் பிரதிகளிலிருந்து அப்படிப்பட்ட சொற்களைப் பொறுக்கி, சோதனைக் கோப்பாக எழுதிச் சிறியதாக ஒரு புல் ரெக்வெஸ்ட் அனுப்புகிறேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமை வரும்போது பாருங்கள்.